கை சொன்னபடி கேட்காதவர்களுக்கு மவுஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

கை நடுங்குகிறவருக்கோ, விரலில் பலம் குறைந்தவருக்கோ, ஒரு கை மட்டும் வேலை செய்கிறவருக்கோ மவுஸ் வாங்க வேண்டும் என்றால், பெரும்பாலும் நாம் செய்கிற முதல் காரியம் நெட்டில் தேடி, படத்தில் வித்தியாசமாகத் தெரிகிற ஒன்றை ஆர்டர் போடுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். என் சித்தப்பாவுக்குக் கை நடுக்கம். கையைக் குலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கிற செங்குத்து மவுஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், மணிக்கட்டுக்கு இதமாக இருக்கும் என்று போட்டிருந்தது. நான்கே நாளில் அது மேசை ஓரத்துக்குப் போய்விட்டது.

ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பாயிண்டரைக் கொண்டுபோவதில் அவருக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. கொஞ்சம் தள்ளாடும், ஆனால் 'சேமி' பட்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஒரு மூச்சு நிறுத்துவார். அப்புறம் ஆள்காட்டி விரலால் அழுத்துவார். செங்குத்து மவுஸில் பட்டன் பக்கவாட்டில் இருக்கிறதா, அழுத்துகிற வேகத்திலேயே மவுஸ் முழுவதும் இடதுபக்கம் நகர்ந்துவிடும், கிளிக் போய் 'ரத்து' மேல் விழும். "அங்க போய்ச் சேந்துடறேன்பா, அமுக்கும்போதுதான் ஓடிடுது" என்றார்.

நகர்த்துவது ஒரு வேலை, அழுத்துவது இன்னொரு வேலை. சாதாரண மவுஸ் இரண்டையும் ஒரே கையில், ஒரே பிடியில், ஒரே நேரத்தில் கேட்கிறது. கை நன்றாக இருக்கிறவர்களுக்கு இது இரண்டு வேலை என்பதே தெரியாது. எந்த மவுஸ் என்று யோசிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் கையைப் பாருங்கள்

அரை மணி நேரம் ஒதுக்கி, இப்போது இருக்கிற மவுஸிலேயே அவரை வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உதவி செய்ய வேண்டாம், மவுஸைக் கையிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள். பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அசைவு எங்கிருந்து வருகிறது? தோளிலிருந்தா, முழங்கையிலிருந்தா, மணிக்கட்டிலிருந்தா, விரலிலிருந்தா? சிலருக்குத் தோளும் முழங்கையும் நன்றாக அசையும், விரல் மட்டும் தனித்தனியாக வராது. சிலருக்கு நேர்மாறாக, கையைத் தூக்கவே முடியாது, ஆனால் விரல் நுனியில் அசாத்தியமான துல்லியம் இருக்கும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே மவுஸ் எப்படிச் சரியாக வரும்?

அடுத்து, எவ்வளவு தூரம் அசைகிறது என்று பாருங்கள். மேசைமேல் கை போய்வரும் பரப்பை ஒரு தாளில் சுற்றி வரைந்தால்கூடப் போதும். உள்ளங்கை அளவா, ஒரு தபால்தலை அளவா என்பதைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருளே மாறும்.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். பார்க்கின்சன் நோயில் வரும் நடுக்கம் பொதுவாகக் கை சும்மா இருக்கும்போது அதிகமாகவும், வேலையில் இறங்கியதும் குறைவாகவும் இருக்கும். அவர்களுக்கு நடுக்கத்தைவிட அசைவு மெதுவாவதும் விரல் இறுகுவதும் பெரிய தொல்லையாக இருக்கலாம். எசென்ஷியல் ட்ரெமர் என்கிற நடுக்கமோ கையை ஒரு காரியத்துக்கு நீட்டும்போதுதான் வரும், இலக்கை நெருங்க நெருங்கக் கூடவும் செய்யும். முதலாமவருக்கு நடுக்கத்தை வடிகட்டுகிற மென்பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டு ஏன் உதவவில்லை என்று யோசிப்பதில் பயனில்லை.

அழுத்த முடிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அழுத்திய விரலை எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. மூளை முடக்குவாதத்தில் (செரிப்ரல் பால்சி) தசை இறுகியிருக்கிறவர்களுக்கு, பக்கவாதத்துக்குப் பிறகு கை விறைத்தவர்களுக்கு, பட்டனை அழுத்துவது எளிது, விடுவதுதான் சிரமம். விடுவதற்குள் பாயிண்டர் நகர்ந்தால் கம்ப்யூட்டர் அதை இழுத்துப் போடுவதாக எடுத்துக்கொள்ளும், கோப்பு வேறு ஃபோல்டருக்குள் போய்விழும், அவர் தேடித் தேடி அலுத்துப்போவார்.

கடைசியாக, கையைத் தவிர வேறு எது நம்பகமாக அசைகிறது? இன்னொரு கை, முழங்கை, கால், தலை, கன்னம், எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கிளிக் செய்ய இது கைகொடுக்கும்.

இதையெல்லாம் காலையில் ஒருமுறை, சோர்ந்திருக்கும் மாலையில் ஒருமுறை பாருங்கள். பார்க்கின்சன் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மருந்து வேலை செய்யும் நேரத்தில் ஒருமுறை, அதன் வீரியம் இறங்கும் நேரத்தில் ஒருமுறை. இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும், நீங்கள் வாங்குவது சிரமமான நேரத்து மனிதருக்கும் உதவ வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் யாரையாவது பார்க்க முடிந்தால் இந்தக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள், அவர்கள் கேட்கிற முதல் பத்துக் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கும்.

இரண்டாம் படி: காசு செலவழிக்கும் முன் செட்டிங்ஸ்

புது மவுஸ் தேவையே இல்லாமல் போக வாய்ப்பிருக்கிறது, அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் பாயிண்டர் வேகம். ஒரு கணக்கு சொல்கிறேன். மவுஸின் டிபிஐ என்பது அது ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளி எண்ணிச் சொல்கிறது என்பது. திரை 1920 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் பக்கம் எந்தக் கூட்டலும் குறைத்தலும் இல்லையென்றால், 400 டிபிஐயில் திரையின் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகக் கை 4.8 அங்குலம் நகர வேண்டும், 1600 டிபிஐயில் 1.2 அங்குலம் போதும். கை தாராளமாக அசையும் ஆனால் நடுங்கும் என்றால் வேகத்தைக் குறையுங்கள், அதே நடுக்கம் திரையில் சின்னதாகிவிடும். பலம் குறைந்து விரல் நுனி மட்டும் அசைகிறவருக்கு வேகத்தைக் கூட்டுங்கள். நடுக்கமும் உண்டு, அசையும் பரப்பும் குறைவு என்றால் இந்த ஒரு செட்டிங்கால் மட்டும் தீராது, டிராக்பாலோ ஜாய்ஸ்டிக்கோ பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

விண்டோஸில் மவுஸ் செட்டிங்ஸுக்குள் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்று ஒன்று டிக் ஆகி இருக்கும். பெயர் துல்லியம் என்று சொன்னாலும் அது செய்வது, கை வேகமாக நகர்ந்தால் பாயிண்டரை இன்னும் அதிக தூரம் தள்ளுவது. திடீர் திடீரென்று கை வெட்டி இழுக்கிறவர்களுக்கு இது பாயிண்டரைத் திரைக்கு அந்தப் பக்கம் தூக்கி எறிந்துவிடும். எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். சிலருக்கு இருப்பதே நல்லது, அப்படியானால் திரும்பப் போட்டுவிடலாம்.

டபுள் கிளிக்கை ஒழித்துவிடுங்கள். இது என் உறுதியான கருத்து. ஒரே இடத்தில், அசையாமல், இரண்டு முறை, அதுவும் சடுதியில் என்று ஒரு பலவீனமான கையிடம் கேட்பது அநியாயம். டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்கும் வசதி விண்டோஸ், மேக் இரண்டிலும் உண்டு. விண்டோஸில் அதைவிட மேலான வழி, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய் ஒரு கிளிக்கிலேயே திறக்கும்படி மாற்றிவிடுவது. எதையாவது தெரியாமல் திறந்துவிடுவார் என்று பயமாக இருந்தால், ஒரு கிளிக்கில் தேர்ந்தெடுத்துவிட்டு எண்டர் கீயைத் தட்டப் பழக்குங்கள்.

இழுத்துப் போடுவதற்கு விண்டோஸில் 'கிளிக்லாக்' இருக்கிறது. பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தி விட்டுவிட்டால் அழுத்தியே இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். நகர்த்திக் கொண்டுபோய் இன்னொரு கிளிக் செய்தால் விடுவித்துவிடும். மேக் டச்பேடில் 'டிராக் லாக்' இதே மாதிரி. ஆனால் விடுவதில் சிரமப்படுகிறவருக்கு கிளிக்லாக் தொல்லையாகிவிடும், சாதாரண கிளிக்கே தெரியாமல் பூட்டிக்கொள்ளும். அவர்களுக்கு கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் வி என்று கீபோர்டில் வெட்டி ஒட்டுவதே நல்லது.

கிளிக் செய்ய வேண்டிய இலக்கின் அளவையும் பெரிதாக்குங்கள். இலக்கு எவ்வளவு சின்னதோ, எவ்வளவு தொலைவோ அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954லேயே சமன்பாடாக எழுதிவைத்தார், கம்ப்யூட்டர் திரை வடிவமைப்பில் இன்றும் அது பாடம். மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை விதிமுறைகளின் 2.2 பதிப்பு 2023ல் வந்தபோது, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். குறைந்தபட்சம்தான் அது. திரையில் உள்ளதையெல்லாம் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்கினால் அந்தப் பட்டன் 36க்கு 36 ஆகிவிடும், ஒரே நிமிட வேலை. பாயிண்டரையும் பெரிதாக, கண்ணைப் பறிக்கிற நிறமாக மாற்றிவிடுங்கள், பாயிண்டர் எங்கே என்று தேடுவதற்காக மவுஸை ஆட்டிக்கொண்டே இருப்பதிலும் கை சோர்கிறது.

நடுக்கத்தை வடிகட்டவென்றே விண்டோஸுக்கு 'ஸ்டெடிமவுஸ்' என்ற மென்பொருள் இருக்கிறது. கையின் சின்னச் சின்ன அதிர்வுகளைக் கழித்துவிட்டு, போக நினைக்கும் திசையை மட்டும் பாயிண்டருக்குக் கொடுக்கும். இதே வேலையை மவுஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டியாகவும் விற்கிறார்கள், 'அமானியோ' அந்த வகை. பெட்டியில் உள்ள வசதி, எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வேலை செய்யும், அலுவலகத்தில் மென்பொருள் நிறுவ அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. வடிகட்டலை அளவாக வையுங்கள். கூடினால் பாயிண்டர் கைக்குப் பின்னால் மந்தமாக இழுபட்டு வரும்.

மவுஸே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. கீபோர்டின் வலப்பக்க எண் பலகையால் பாயிண்டரை நகர்த்தும் 'மவுஸ் கீஸ்'. விண்டோஸில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். மூன்றைச் சேர்த்து அழுத்த முடியாதவருக்கு ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் போய் நீங்களே போட்டு வைத்துவிடலாம். 5 கிளிக், கூட்டல் குறி டபுள் கிளிக், 0 அழுத்திப் பிடிப்பது, புள்ளி விடுவது. முழுநேரமும் இதை வைத்து ஓட்டுவது மெதுவானது. ஆனால் மவுஸால் பக்கத்தில் போய்விட்டு, கடைசி நான்கைந்து பிக்சலை மவுஸ் கீஸால் நகர்த்தி 5ஐத் தட்டுவது அருமையாக வேலை செய்யும்.

மூன்றாம் படி: எந்த வகைக் கருவி

செட்டிங்ஸ் போதவில்லை என்றால் இப்போது கருவிக்கு வரலாம். பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது டிராக்பால்தான்.

டிராக்பாலில் கருவி மேசையில் அப்படியே நிற்கும், மேலே உள்ள பந்தை மட்டும் உருட்ட வேண்டும். அதனால் நகர்த்துவதும் அழுத்துவதும் இயல்பாகவே பிரிந்துவிடுகின்றன. பந்தை உருட்டிப் பாயிண்டரைச் சேர்த்துவிட்டு, கையைப் பந்திலிருந்து முழுவதும் எடுத்துவிடலாம். பாயிண்டர் அங்கேயே நிற்கும். மூச்சு விட்டுவிட்டு, நிதானமாக, எந்த விரலாலோ முழங்கையாலோ கூட பட்டனை அழுத்தலாம். சித்தப்பாவுக்கு இதுதான் தீர்வாக அமைந்தது. முதல் நாள் பந்தை உருட்டிச் 'சேமி' மேல் நிறுத்திவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்குதே!" என்றார். அப்புறம்தான் அழுத்தினார்.

இது நோயாளிகளுக்கான சாமான் என்று சிலர் கூச்சப்படுவார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: டிராக்பால் மவுஸுக்கு மூத்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் முதல் மவுஸைச் செய்தது 1964ல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே கனடா கடற்படைக்கான ஒரு திட்டத்தில் பௌலிங் பந்தை வைத்து டிராக்பால் செய்து ஓட்டியிருக்கிறார்கள். இன்றும் ஒலிப்பதிவு, வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களில் பலர் விரும்பித்தான் இதை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் டிராக்பால் என்று பெட்டியில் போட்டிருப்பதையெல்லாம் வாங்கிவிடாதீர்கள். பந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரலால் உருட்டும் வகை, உதாரணமாக லாஜிடெக் எர்கோ எம்575, பார்க்க சாதாரண மவுஸ் போலவே இருக்கும். கட்டைவிரல் ஒன்றே எல்லா நகர்த்தலையும் செய்ய வேண்டும், கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவருக்கு இது கூடவே கூடாது, வலது கைக்கு மட்டும் பொருந்தும்படி வளைந்தும் இருக்கும். நடுவில் பெரிய பந்து உள்ள வகை, கென்சிங்டன் எக்ஸ்பெர்ட் மவுஸ் போல, எந்தக் கைக்கும் பொருந்தும், விரல், உள்ளங்கை, மடக்கிய முஷ்டி எதனாலும் உருட்டலாம். அதில் பந்தைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினால் ஸ்க்ரோல் ஆகும், சின்னச் சக்கரத்தை ஒற்றை விரலால் தள்ள முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. இதையும் தாண்டி 'பிக்டிராக்' என்று ஒன்று உண்டு, மூன்று அங்குலப் பந்து, பின்னால் இரண்டு பெரிய பட்டன். முழு உள்ளங்கையால், முன்கையால், ஏன், காலால் கூட ஓட்டலாம். விரல் தனித்தனியாக வராத குழந்தைகளுக்கு இது நல்ல தொடக்கம்.

பெரிய பந்து ஏன் நல்லது என்றால், கனமாக இருப்பதால் சின்ன நடுக்கத்துக்கெல்லாம் உடனே சுழலாது. சின்னப் பந்து லேசாகத் தொட்டாலே ஓடும். பலமில்லாத விரலுக்கோ அந்த லேசான ஓட்டம்தான் வேண்டும். ஆக, நடுக்கத்துக்குப் பெரிய பந்து, பலக்குறைவுக்குச் சின்ன பந்து என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியின் சாய்ந்த பலகையில் வைக்கப் போகிறீர்கள் என்றால், பந்து உருண்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை பந்தை எடுத்து, உள்ளே அது உட்காரும் மூன்று புள்ளிகளில் படிந்த அழுக்கைத் துடையுங்கள். "திடீர்னு வேலை செய்யல" என்ற புகாரில் பல அந்த அழுக்குதான்.

ஜாய்ஸ்டிக், மின்சாரச் சக்கர நாற்காலியை ஏற்கெனவே ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுகிறவர்களுக்கு நன்றாக ஒத்துவரும், கைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. தள்ளிப் பிடித்திருக்கும்வரை பாயிண்டர் போய்க்கொண்டே இருக்கும், அதனால் கை அசையும் பரப்பு ரொம்பக் குறைவாக இருந்தாலும் திரை முழுக்கப் போகலாம். பிடியை மாற்ற முடிகிற மாதிரி வாங்குங்கள், சிலருக்குப் பஞ்சுப் பந்து, சிலருக்கு ஆங்கில டி எழுத்து போன்ற குறுக்குப் பிடி சரியாக வரும். துல்லியமாக நிறுத்துவதற்குப் பழக்கம் தேவை, வேகத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்.

டச்பேடுக்குப் பலமே வேண்டாம். தசைச் சிதைவு உள்ளவர்களில் விரல் நுனி அசைவு மட்டும் மிச்சமிருப்பவர்களுக்கு, தனியாக யூஎஸ்பியில் செருகும் டச்பேடை விரலுக்கு நேர் கீழே வைத்துவிட்டால் போதும். நடுங்குகிற கைக்கு இது பொதுவாகச் சரிப்படாது, ஒவ்வொரு உரசலும் கிளிக்காகிவிடும். வேறு வழியில்லை என்றால் தட்டினால் கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள்.

செங்குத்து மவுஸ் மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. நடுக்கத்துக்கும் பலவீனத்துக்கும் அதை வாங்காதீர்கள், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

கை முழுவதுமே ஒத்துழைக்கவில்லை என்றால் தலை இருக்கிறது. கேமரா முன் தலையை அசைத்துப் பாயிண்டரை நகர்த்தும் வசதி மேக்கிலேயே 'ஹெட் பாயிண்டர்' என்று இருக்கிறது, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் 'ஈவியாகேம்' இலவசமாகக் கிடைக்கிறது. கண் அசைவால் நகர்த்தும் கருவிகளும் உண்டு. இவை தனியாக எழுத வேண்டிய விஷயம். கை கொஞ்சமாவது வேலை செய்கிறது, ஆனால் கிளிக்தான் வரவில்லை என்கிறவர்கள் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

நான்காம் படி: கிளிக்கை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மவுஸ் செருகலாம். இரண்டும் அதே பாயிண்டரைத்தான் இயக்கும். ஆக, நடுங்கும் கை ஒரு மவுஸை நகர்த்தட்டும், இன்னொரு கைக்குக் கீழே இரண்டாவது மவுஸை வைத்து, அதைக் கிளிக் செய்ய மட்டும் பயன்படுத்தலாம். அந்த இரண்டாவது மவுஸின் அடியில் வெளிச்சம் வரும் துளையை ஒளி புகாத டேப்பால் ஒட்டி மூடிவிடுங்கள், அது நகர்ந்தாலும் பாயிண்டர் நகராது. வீட்டில் கிடக்கும் பழைய மவுஸ் ஒன்றே போதும். நான் பார்த்ததிலேயே இவ்வளவு எளிய, இவ்வளவு பயன்தரும் ஏற்பாடு வேறு இல்லை, எதையும் ஆர்டர் போடுவதற்கு முன் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு கையும் இல்லையென்றால் ஸ்விட்ச். உள்ளங்கை அளவுள்ள பெரிய பட்டன்கள் இதற்கென்றே கிடைக்கின்றன, முழங்கை, முட்டி, கால், கன்னம் எதனாலும் அழுத்தலாம். பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் செருகும், பழைய ஹெட்போன் பின் அளவுதான். அதனால் டிராக்பாலோ ஜாய்ஸ்டிக்கோ வாங்கும்போது பின்னால் அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது ஸ்விட்ச் தேவைப்படாமல் இருக்கலாம், இரண்டு வருஷம் கழித்துத் தேவைப்படலாம்.

அழுத்தவே வேண்டாம் என்கிற வழி 'ட்வெல்' கிளிக். பாயிண்டர் ஓர் இடத்தில் குறிப்பிட்ட நேரம் நின்றால் தானாகவே கிளிக் ஆகும். மேக்கில் உள்ளேயே இருக்கிறது, லினக்ஸின் க்னோம் என்ற திரைமுகப்பிலும் இருக்கிறது, விண்டோஸுக்குத் தனி மென்பொருள்கள் உண்டு. நேரத்தை முதலில் ஒன்றரை நொடி, இரண்டு நொடி என்று தாராளமாக வையுங்கள், பழகப் பழகக் குறைக்கலாம். படித்துக்கொண்டிருக்கும்போது பாயிண்டர் ஏதாவது லிங்க் மேல் நின்றால் அதையும் திறந்துவிடும் என்பதால், பாயிண்டரைக் காலி இடத்தில் நிறுத்திவிட்டுப் படிக்கும் பழக்கத்தை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

விண்டோஸ் 11ல் 'வாய்ஸ் ஆக்சஸ்', மேக்கில் 'வாய்ஸ் கன்ட்ரோல்' இரண்டிலும் வாயால் சொல்லி கிளிக் செய்யலாம். கட்டளைகளை இவற்றுக்குத் தெரிந்த மொழியில்தான் சொல்ல வேண்டும், ஆனால் 'கிளிக்' என்ற ஒரு சொல் போதுமானவருக்கு அது தடையாக இருக்காது.

ஐந்தாம் படி: வைக்கும் இடம்

நல்ல கருவியைத் தவறான இடத்தில் வைத்தால் வீண். முழங்கை தொங்கக் கூடாது, முன்கை முழுவதும் மேசையிலோ கைப்பிடியிலோ படிந்திருக்க வேண்டும். முன்கைக்கு ஆதாரம் கிடைத்ததுமே நடுக்கம் கண்ணெதிரே குறைவதைப் பலரிடம் பார்க்கலாம். கருவிக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள், அல்லது வெல்க்ரோவால் ஒட்டிவிடுங்கள். டிராக்பாலைக் கீபோர்டின் வலப்பக்கம்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது, கை இயல்பாக எங்கே வந்து விழுகிறதோ அங்கே வையுங்கள், அது மடியாக இருந்தாலும் சரி.

வயர் உள்ளதா, இல்லாததா என்று கேட்பார்கள். என் ஓட்டு வயருக்கு. வயர்லெஸ் கருவியில் பெரும்பாலும் ஆன் ஆஃப் ஸ்விட்ச் அடியில் ஒளிந்திருக்கும், பேட்டரி மூடி நகத்தால் நெம்பித் திறக்கிற மாதிரி இருக்கும். கையால் முடியாதவர் அதற்காக ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டி வரும். மவுஸையே இழுத்து நகர்த்துகிற, பலம் குறைந்த கைக்கு மட்டும் வயரின் இழுப்பு பாரமாக இருக்கலாம். அவருக்கு வயர்லெஸ் வாங்குங்கள், சார்ஜ் போடுவது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மூன்று நாள் சோதனை

திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்குங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது.

முதல் நாள் விளையாட்டு மட்டும். சீட்டு அடுக்கும் சாலிட்டேர் இதற்கு அருமையான பயிற்சி, தப்பாக விழுந்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. இரண்டாம் நாள் இந்த வேலைகளைக் கொடுங்கள்: திரையில் திறந்திருக்கும் ஜன்னலை (விண்டோ) மூடுவது, மெனுவைத் திறந்து அதற்குள் இருக்கும் துணை மெனுவுக்குப் போவது, ஒரு பத்தியில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுப்பது, வலது கிளிக், நீளமான பக்கத்தைக் கீழே வரை ஸ்க்ரோல் செய்வது, ஒரு கோப்பை இழுத்துப் போடுவது. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்யச் சொல்லி எத்தனை முறை முதல் முயற்சியிலேயே சரியாக விழுந்தது என்று எண்ணுங்கள். ஜன்னலை மூடுவது எளிதாக வந்துவிட்டது என்று ஏமாறாதீர்கள், ஜன்னல் திரை முழுக்க இருக்கும்போது பாயிண்டர் மூலையில் முட்டி நின்றுவிடும், அதைத் தவறவிட முடியாது. துணை மெனுதான் உண்மையான பரீட்சை. மூன்றாம் நாள் அவருடைய சொந்த வேலை, அதுவும் கை சோர்ந்திருக்கும் நேரத்தில்.

தோளில், கழுத்தில், கட்டைவிரலில் புதிதாக வலி வருகிறதா என்று தினமும் கேளுங்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்று "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர்கள் நிறைய உண்டு. எங்கே வலிக்கிறது என்று குறிப்பாகக் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள்.

சரிப்பட்டு வந்த செட்டிங்ஸை, வேகம் எத்தனை, எது டிக், எது டிக் இல்லை என்பதை, போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் அப்டேட் ஆகி எல்லாம் பழையபடி மாறிவிடும் நாள் வரும், அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். அதே கம்ப்யூட்டரை வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்தினால் அவருக்குத் தனி லாகின் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் யாராவது "மவுஸ் ரொம்ப மெதுவா இருக்கு" என்று வேகத்தைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலப்போக்கில் கூடுகிற நோயாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முதல் அரை மணி நேரத்தைத் திரும்பச் செய்யுங்கள், அதே தாளை எடுத்து, கை போய்வரும் பரப்பை வேறு நிறப் பேனாவால் மறுபடி வரைந்து பாருங்கள்.